அம்மா காலுக்கு ஆபரேஷன் பண்ணலாமா? லிம்ஃபெடீமாவுக்கு எல்விஏ பண்ணவங்க யாராச்சும் இருக்கீங்களா

செங்காங்_செல்வி
செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயசு, கர்ப்பப்பை கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணி இடுப்புக்குள்ள இருந்த நெறிக்கட்டி (நிணநீர் முடிச்சு) எல்லாம் எடுத்து ரேடியேஷனும் குடுத்தாங்க, கேன்சர் இப்ப இல்ல, செக்கப் எல்லாம் கிளியர். ஆனா அதுக்கப்புறம் இடது கால் வீங்க ஆரம்பிச்சுது, லிம்ஃபெடீமாங்கிறாங்க, நிணநீர் தேங்கி வர்ற வீக்கம், முதல்ல சாயங்காலம் மட்டும்தான், காலைல எந்திரிச்சா வடிஞ்சிருக்கும், இப்ப காலைலயும் அப்படியே நிக்குது, தொடையில இருந்து பாதம் வரைக்கும். சேலை கட்டுனா வெளிய தெரியாதுன்னு அவங்க சமாளிக்கிறாங்க, ஆனா செருப்பு ரெண்டு சைஸ்ல வாங்கி ஒண்ணு ஒண்ணு தூக்கிப் போட வேண்டியிருக்கு. நடுவுல கால் சிவந்து குளிர் காய்ச்சல் வந்து வார்டுல படுத்து ஆன்டிபயாட்டிக் ட்ரிப்ஸ் ஏத்துனாங்க, செல்லுலைட்டிஸ்னு சொன்னாங்க, தோலுக்கடியில கிருமித் தொற்றாம், அதுவும் ஒரு தடவையோட நிக்கல.

இப்ப இங்க சிங்கப்பூர் அரசாங்க ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் சர்ஜன், பச்சை சாயம் ஊசி போட்டு ஒரு ஸ்கேன் பாப்போம், நிணநீர்க் குழாய் உயிரோட இருந்தா எல்விஏ, அதாவது அந்தக் குழாயை ரத்தநாளத்தோட இணைக்கிற ஆபரேஷன், பண்ணலாம்னு சொல்றாரு. ஒரு தனியார் கிளினிக்ல காலைத் தொட்டுப் பாத்துட்டு ஸ்கேன் கீன் எதுவும் இல்லாமலே நெறிக்கட்டி மாத்தி வைக்கணும், அடுத்த மாசம் தேதி போடவான்னு கேக்குறாங்க. திருச்சி சித்தி இங்க வந்துரு கம்மி செலவுல முடிச்சிரலாம்ங்குது. அண்ணன் இந்த வயசுல எதுக்கு கத்தி வைக்கணும்ங்குறான். எனக்குத் தலை சுத்துது, பண்ணவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

உட்லண்ட்ஸ்_அங்கிள்
செவ்வாய், இரவு 11.15

செல்வி, உங்க அண்ணன் சொல்றதுதான் சரி. என் வொய்ஃபுக்கும் இதே கதைதான், இவ்ளோ வருஷமா கட்டு, கால இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ், மசாஜ், எக்சர்சைஸ், அவ்ளோதான், கால் கன்ட்ரோல்ல இருக்கு. ஆபரேஷன் பண்ணாலும் ஸ்டாக்கிங்ஸ் போடணும்னு அவங்களே சொல்றாங்க, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்? நான் சும்மா வாய்க்கு வந்தத சொல்லல, 2020ல ஆஸ்திரேலியாவுல ஒரு ட்ரையல் வந்துச்சு, கால் வீக்கத்தோட அடிக்கடி செல்லுலைட்டிஸ் வர்ற 84 பேர எடுத்து பாதிப் பேருக்கு கம்ப்ரஷன் குடுத்தாங்க, அவங்கள்ல 15 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப வந்துச்சு, குடுக்காதவங்கள்ல 40 சதவீதம். வித்தியாசம் பெருசா இருந்ததால ட்ரையலையே பாதில நிறுத்திட்டாங்க. ஸ்டாக்கிங்ஸுக்கு இருக்கிற மாதிரி ஒரு ஆதாரத்த ஆபரேஷனுக்குக் காட்டச் சொல்லுங்க பாப்போம்.

தெம்பனீஸ்_மல்லிகா
புதன், காலை 6.50

நான் எல்விஏ பண்ணிக்கிட்டேன் செல்வி, வலது கால், எனக்கும் கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு அப்புறம் வந்ததுதான். நடந்தத அப்படியே சொல்றேன்.

ஸ்கேன்தான் எனக்கு ஆபரேஷனை விட பயமா இருந்துச்சு, கால் விரல் இடுக்குல ஊசி போடுவாங்க, சுள்ளுனு உயிர் போகும், ஆனா சீக்கிரம் முடிஞ்சிரும். அப்புறம் ரூம் லைட்ட அணைச்சிட்டு ஒரு கேமராவ கால் மேல பிடிச்சா அந்த சாயம் போற வழி ஸ்கிரீன்ல வெள்ளையாத் தெரியும். என் நல்ல கால்ல பாதத்துல இருந்து முட்டி வரைக்கும் கோடு கோடா ஓடுச்சு. வீங்குன கால்ல கணுக்கால் தாண்டி கொஞ்சம் கோடு, அதுக்கு மேல கோடே இல்ல, புள்ளி புள்ளியா தோலுக்கடியில கலைஞ்சு போச்சு. கோடு தெரியுற வரைக்கும் குழாய் வேலை செய்யுது, அங்கதான் சேர்ப்போம்னு டாக்டர் மார்க்கர் பேனாவால கால்லயே வரைஞ்சுட்டாரு.

எனக்கு முழு மயக்கம்தான், சில பேருக்கு மரத்துப் போற ஊசி மட்டும் போட்டே பண்றாங்களாம். வெட்டு எல்லாம் சின்னச் சின்னது, ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான். மறுநாள் யூரின் பச்சையா போனதப் பாத்துட்டு பதறிட்டேன், ஆபரேஷன் தியேட்டர்ல தனியா ஒரு நீலச் சாயம் போட்டாங்களாம், அது வெளியாகுதுன்னு நர்ஸ் சிரிக்கிறாங்க. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா லா.

ரிசல்ட் கேட்டா, கால் பழையபடி ஆகல, பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் தெரியும். ஆனா தொடை இளகிருச்சு, கல்லு கட்டித் தொங்கவிட்ட கனம் இல்ல, எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் படி ஏறுறேன். பெரிய விஷயம் என்னன்னா காய்ச்சல் வர்றது நின்னு போச்சு, முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ வரும். ஸ்டாக்கிங்ஸ் இன்னும் போடுறேன், அதுல அங்கிள் சொல்றது உண்மைதான்.

பிசியோ_கவி
புதன், மதியம் 1.05

நான் இந்த வேலையிலதான் இருக்கேன், லிம்ஃப் தெரபி. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், லஞ்ச் டைம்ல டைப் பண்றேன், தப்பும் தவறுமா இருந்தா கண்டுக்காதீங்க.

செல்வி அக்கா, எந்த ஆபரேஷன்னு கேக்குறதுக்கு முன்னாடி அம்மா கால்ல இருக்கிறது தண்ணியா கொழுப்பான்னு தெரியணும், எல்லா முடிவும் அதுல இருந்துதான் வருது. கட்டைவிரலால முட்டிக்குக் கீழ முன்பக்க எலும்பு மேல நல்லா அழுத்திப் பிடிச்சிட்டு எடுங்க. குழி விழுந்து அப்படியே நின்னா அது பெரும்பாலும் தண்ணி. ரப்பர் கணக்கா கெட்டியா குழியே விழலன்னா உள்ள கொழுப்பும் நாரும் சேர்ந்து போச்சுன்னு அர்த்தம், நிணநீர் வருஷக்கணக்குல தேங்கிக் கிடந்தா உடம்பு அந்த இடத்துல கொழுப்ப வளர்க்கும். கட்டு கட்டி தண்ணிய வடிக்கலாம், கொழுப்ப எந்தக் கட்டும் வடிக்காது, எல்விஏவும் வடிக்காது.

எல்விஏங்கிறது, அடைச்சுக்கிட்ட லோங்காங் (சாக்கடை) தண்ணிய பக்கத்து லோங்காங்குக்கு வெட்டி விடுற மாதிரிதான். தோலுக்கடியில போற நிணநீர்க் குழாயை பக்கத்துல இருக்கிற சின்ன ரத்தநாளத்தோட சேர்த்துத் தைச்சிருவாங்க, நிணநீர் இடுப்புக்கு மேல ஏற வழி இல்லாததால அங்கயே ரத்தத்துல கலந்துரும். குழாய் அகலம் முக்கால் மில்லிமீட்டர் கூட இருக்காது, தைக்கிற நூல் 11-0, 12-0 சைஸ், தலைமுடிய விட மெல்லிசு, எல்லாம் மைக்ரோஸ்கோப்புலதான். இந்த அளவுக்கு நுணுக்கமா பண்றத வளர்த்துவிட்டது ஜப்பான்ல கோஷிமா டாக்டர். உள்ள குழாய் உயிரோட இருந்தாத்தான் இது பலிக்கும், அதனாலதான் ஸ்கேன். ஸ்கேன் எடுக்காம ஆபரேஷன் தேதி குடுக்குறவங்ககிட்ட நான்னா என் அம்மாவ அனுப்ப மாட்டேன்.

அங்கிள் கேட்ட ஆதாரம் நியாயமான கேள்வி. எல்விஏ ஆய்வு நிறைய இருக்கு, ஆனா அதுல நிறைய கை வீக்கம், மார்பகக் கேன்சர் பேஷண்ட்ஸ், பல ஆய்வுல ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப்பே கிடையாது. கால் கஷ்டமான கேஸ், நாள் முழுக்க நிக்குறோம், ரத்தநாளத்துலயே அழுத்தம் அதிகம், அதனால ரத்தம் குழாய்க்குள்ள திரும்பி வந்து சேர்த்த இடம் அடைச்சுக்கலாம். ரத்தநாளம் சுருண்டு வீங்குற வெரிகோஸ், வால்வு கோளாறு இருக்கான்னு முன்னாடியே டாப்ளர் ஸ்கேன் பாக்கச் சொல்லுங்க. மல்லிகா அக்கா சொன்ன மாதிரி காய்ச்சல் குறையுறது பல பேர் ரிப்போர்ட்ல திரும்பத் திரும்ப வருது, கால் சுற்றளவு குறையுறது ஆளுக்கு ஆள் மாறுது.

இன்னொண்ணு, இத யாரும் விட்டுறாதீங்க. வீக்கம் திடீர்னு கூடுச்சு, வலிக்குதுன்னா தெரபிக்கு வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க. ரத்தக்கட்டி இருக்கலாம், கேன்சர் இடுப்புக்குள்ள திரும்ப வந்து அமுக்கலாம். ரெண்டும் இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் கட்டு, மசாஜ், ஆபரேஷன் எல்லாம்.

செங்காங்_செல்வி
புதன், இரவு 9.20

கவி ரொம்ப தேங்க்ஸ். அழுத்திப் பாத்தேன், கணுக்கால்கிட்ட நல்லா குழி விழுது, தொடை உள்பக்கம் கெட்டியா இருக்கு. பக்கத்து ஜிபி டாக்டர் தண்ணி மாத்திரை குடுத்திருக்காரு, யூரின் போனா வடியும்னு, அது தொடரலாமா? அப்புறம் அந்த நெறிக்கட்டி மாத்துறது என்னன்னு யாராச்சும் சொல்லுங்க, அங்க ஒண்ணுமே விளக்கல.

பிசியோ_கவி
புதன், இரவு 9.45

தண்ணி மாத்திரை லிம்ஃபெடீமாவுக்கு வேலை செய்யாது அக்கா, நிணநீர்ல புரதம் இருக்கு, மாத்திரை தண்ணிய மட்டும் இழுக்கும், புரதம் அங்கயே தங்கி இன்னும் கெட்டியாகும். ஆனா பிரஷர், ஹார்ட்டுன்னு வேற காரணத்துக்குக் குடுத்திருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, எதுக்குக் குடுத்தீங்கன்னு கேளுங்க.

பீஷான்_வாசு
புதன், இரவு 11.30

நெறிக்கட்டி மாத்துறது என் மனைவிக்குப் பண்ணது, சொல்றேன். உடம்புல வேற இடத்துல நல்லா இருக்கிற நெறிக்கட்டிய அதோட ரத்தநாளத்தோட எடுத்து, வீங்குன கால்ல, கணுக்கால்லயோ தொடை இடுக்குலயோ வச்சு ரத்தநாளத்த சேர்த்துத் தைப்பாங்க. பெரிய ஆபரேஷன், எல்விஏ மாதிரி சின்னது இல்ல. அங்க போய் அது வேர் பிடிச்சு புதுசா வழி உண்டாகணும், அதனால உடனே எதுவும் தெரியாது, ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு சொல்வாங்க. முதல் கொஞ்ச மாசம் அவ, என்னத்துக்கு இந்தக் கூத்துன்னு தினமும் என்னத் திட்டுனா.

எங்க இருந்து எடுக்குறாங்கங்கிறதுதான் கேக்க வேண்டிய கேள்வி. மத்த கால் தொடை இடுக்குல இருந்து எடுத்தா அந்த நல்ல காலும் வீங்குற ஆபத்து இருக்கு, எந்தக் கட்டி காலுக்கு வேலை பாக்குதுன்னு தனியா மேப் பண்ணி அத விட்டுட்டு எடுப்பாங்க. கழுத்துல காறை எலும்புக்கு மேல இருந்து, தாடைக்குக் கீழ இருந்து எடுக்குறாங்க, தைவான்ல மிங்-ஹூய் செங் டாக்டர் தாடை முறைக்குப் பேர் போனவர். என் மனைவிக்கு வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்புத் திரை, ஓமென்டம், அதுல இருந்து லேப்ராஸ்கோப்பி மூலமா எடுத்தாங்க, அதுல கை கால் வீங்குற பயம் இல்ல. ஆனா செல்வி உங்க அம்மாவுக்கு வயித்துல ஏற்கனவே ஆபரேஷனும் ரேடியேஷனும் ஆகியிருக்கு, உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கலாம். அந்தக் கிளினிக்ல எந்த இடத்துல இருந்து எடுப்பீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, பதில் மழுப்பலா வந்தா எந்திரிச்சு வந்துருங்க.

பூன்லே_பாலா
வியாழன், காலை 8.10

எனக்குப் பிறவியிலயே நிணநீர்க் குழாய் சரியில்ல, ஸ்கூல் படிக்கும்போதே கால் வீங்கிருச்சு, என்எஸ்ஸுல (கட்டாய ராணுவ சேவை) பூட்ஸ் போட முடியாம பட்ட பாடு தனிக்கதை. எனக்கு கவி சொன்ன ரெண்டாவது ரகம், அழுத்துனா குழி விழாது, சுத்தக் கொழுப்பு. லைப்போசக்‌ஷன் பண்ணேன். அழகுக்குப் பண்றதுன்னு சிரிக்காதீங்க, ஸ்வீடன்ல மால்மோவுல ப்ரோர்சன்னு ஒரு டாக்டர் கை கால் லிம்ஃபெடீமாவுக்கே இத முறையா பண்ணி வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணி எழுதியிருக்காரு.

கால் சைஸ் குறைஞ்சதுல இது மாதிரி வேற எதுவும் இல்ல, ரெண்டு காலும் இப்ப ஒரே பேண்ட்டுல போகுது. ஆனா ஒப்பந்தம் கொடூரமான ஒப்பந்தம். கொழுப்ப உறிஞ்சி எடுத்தாச்சே தவிர குழாயை யாரும் ரிப்பேர் பண்ணல, அதனால ஸ்டாக்கிங்ஸ் ராத்திரி பகல் ரெண்டும், ஆயுசுக்கும். கழட்டி வச்சா கால் திரும்ப ஊதும். நம்ம ஊர் வெக்கையில தடிப்பான ஃப்ளாட் நிட் ஸ்டாக்கிங்ஸ் போட்டுப் பாருங்க அப்ப தெரியும், பஸ் ஸ்டாப்ல நிக்குறப்ப முட்டிக்குப் பின்னாடி வேர்வை தேங்கி அரிக்கும், ஈரமா போட்டா தோல் போயிரும், அதனால ரெண்டு செட் வாங்கி ஒண்ணு துவைச்சு நிழல்ல காயப்போடணும், வெயில்ல போட்டா எலாஸ்டிக் செத்துரும், அம்மா மூங்கில் கழியில தூக்கி வெளிய போட்டதுல ஒரு ஜோடி போச்சு, விலையக் கேட்டா அவங்களே அழுதிருப்பாங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா அளவெடுத்து புதுசு வாங்கணும். இதுக்கு ரெடி இல்லன்னா லைப்போசக்‌ஷன் பக்கமே போகாதீங்க.

துவாஸ்_தஞ்சைத்தம்பி
வியாழன், இரவு 10.05

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் இங்க ஒர்க் பெர்மிட்ல இருக்கேன், கும்பகோணம் பக்கம். எனக்கு சின்ன வயசுல இருந்தே இடது காலு லேசா யானைக்கால் மாதிரி, சேஃப்டி ஷூ போட்டா சாயங்காலம் காலு இறுக்குது, மழைக்காலத்துல விரல் இடுக்கு வெந்து போயி காய்ச்சல் வருது. எங்க பெரியப்பாவுக்கு ஊர்ல காலைச் செதுக்கி தோல் வச்சுத் தைச்சாங்க, பாக்கவே பயமா இருக்கும். நானும் ஆபரேஷன் பண்ணணுமா?

பிசியோ_கவி
வியாழன், இரவு 10.50

தம்பி, பெரியப்பாவுக்குப் பண்ணது சார்ல்ஸ் முறைன்னு நினைக்கிறேன். தோலையும் கொழுப்பையும் தசை உறை வரைக்கும் எடுத்துட்டு மேல தோல் ஒட்டுவாங்க. கால் சிறுசாகும், ஆனா ஒட்டுன தோல் மேடு பள்ளமா முடிச்சு முடிச்சா ஆகும், வெடிக்கும், நீர் கசியும். காலைத் தூக்கி வைக்கவே முடியாத அளவுக்குப் போனவங்களுக்கு மட்டும் கடைசி வழியா இன்னும் பண்றாங்க. உனக்கு அதெல்லாம் இப்ப தேவையே இல்ல.

உங்க ஊர் பக்கம் க்யூலெக்ஸ் கொசுவால வர்ற புழு நிணநீர்க் குழாய்க்குள்ள போய் உக்காந்து குழாயையே கெடுத்துரும். புழு செத்தாலும் கெட்ட குழாய் கெட்டதுதான், ஆனா கால் மோசமாகுறது பெரும்பாலும் நீ சொன்ன அந்த விரல் இடுக்குப் புண்ணாலதான், அது வழியா கிருமி உள்ள போயி ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் ஒரு படி தடிக்கும். அதனால தினமும் ராத்திரி டார்மிட்டரில சோப்புப் போட்டுக் கழுவி விரல் இடுக்க ஒவ்வொண்ணா துணியால ஒத்தித் துடை, தேய்க்காத. புண் இருந்தா பூஞ்சை க்ரீம், படுக்குறப்ப கால்மாட்டுல தலகாணி வச்சு உயர்த்திக்கோ, சாக்ஸ் தினமும் மாத்து. காய்ச்சல் வந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போ, பனடோல் போட்டு வேலைக்குப் போகாத. ரத்தத்துல புழு இருக்கான்னு பாக்க ராத்திரி பத்து மணிக்கு மேல ரத்தம் எடுப்பாங்க, பகல்ல அது வெளிய வராது.

பீஷான்_வாசு
வியாழன், இரவு 11.20

தம்பி, வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க சப்ஸிடி கிடையாது, மெடிசேவும் (சம்பளத்துல பிடிக்கிற மருத்துவ சேமிப்பு) இல்ல, அதனால கம்பெனி இன்சூரன்ஸ்ல என்ன கவர்னு ஹெச்ஆர்ட்ட எழுத்துல கேட்டு வாங்கு. லீவுல ஊருக்குப் போறப்ப அங்கயே காட்டுறது உனக்கு நல்லது, யானைக்கால் பாத்துப் பாத்து கை தேர்ந்தவங்க அங்கதான் இருக்காங்க, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல 1980கள்லயே யானைக்காலுக்கு இந்த நிணநீர் இணைப்பு ஆபரேஷன் பண்ணியிருக்காங்க.

செல்வி, உங்க செலவு விஷயம். அம்மா ஏற்கனவே சப்ஸிடில கேன்சர் ஃபாலோஅப் போறாங்கன்னா அந்த டாக்டர்ட்டயே ரெஃபரல் கேளுங்க, தனியா ப்ரைவேட் ரேட்டுல உள்ள போயிட்டு அப்புறம் மாத்துறது பெரிய தலைவலி. மெடிசேவ், மெடிஷீல்டு (அரசாங்க இன்சூரன்ஸ்) ரெண்டும் ஆபரேஷன் பேரு அரசாங்க ஆபரேஷன் அட்டவணையில இருந்தாத்தான் நடக்கும், அழகுக்குப் பண்றதுக்கு மெடிஷீல்டு கிடையாது, அதனால எந்தக் கோட்ல க்ளைம் போடுறீங்கன்னு தேதி வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க, பாலா மாதிரி லைப்போசக்‌ஷன்னா ரெட்டிப்பு உஷாரா கேளுங்க. கூடுதலா ப்ரைவேட் இன்சூரன்ஸ், ஷீல்டு பிளான் வச்சிருந்தா முன் அனுமதி லெட்டர் கையில வந்த பிறகு அட்மிட் ஆகுங்க. ஸ்டாக்கிங்ஸ் செலவு மாசாமாசம் கைய கடிக்கும், மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரப் பாக்க வெக்கப்படாதீங்க.

திருச்சி சித்தி ஐடியாவ நான் தள்ள மாட்டேன், அங்கயும் நல்ல சர்ஜன்ஸ் இருக்காங்க. ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் மாசக்கணக்கா கட்டு, அளவு, செக்கப், அத யாரு இங்க பாப்பா? வேற ஒருத்தர் தைச்சத இங்க இருக்கிற டாக்டர் தொட யோசிப்பாரு.

உட்லண்ட்ஸ்_அங்கிள்
வெள்ளி, காலை 7.30

எல்லாத்தையும் படிச்சேன். காய்ச்சல் நிக்குதுன்னா அது பெரிய விஷயம்தான், ஒத்துக்குறேன், ஆனா கவி ஒண்ணு சொல்லுப்பா, மல்லிகாவுக்கு காய்ச்சல் நின்னது ஆபரேஷனாலயா இல்ல அதுக்கப்புறம் ஒழுங்கா ஸ்டாக்கிங்ஸ் போட ஆரம்பிச்சதாலயா? முன்னாடி போட்டாங்களான்னு கேளு.

தெம்பனீஸ்_மல்லிகா
வெள்ளி, காலை 9.00

ஹாஹா அங்கிள் கிடுக்கிப்பிடி போடுறீங்க. முன்னாடியும் போட்டேன், ஆனா உண்மையச் சொன்னா வீட்டுல இருக்குறப்ப கழட்டிருவேன். இப்ப கழட்டுறதில்ல.

பிசியோ_கவி
வெள்ளி, மதியம் 12.50

அங்கிள் நீங்க என் டிபார்ட்மென்ட்ல சேர்ந்துருங்க. அதான் பிரச்சனையே, ஆபரேஷன் பண்ணவங்க எல்லாரும் கூடவே தெரபியும் கவனமா பண்றாங்க, எது எவ்ளோ குடுத்துச்சுன்னு பிரிக்க முடியல. அதனாலதான் நல்ல டீம்ல கத்திக்கு முன்னாடி சில மாசம் கட்டும் ஸ்டாக்கிங்ஸும் ஒழுங்கா பண்ண வச்சு அளவு எழுதி வைப்பாங்க, அதுலயே கால் போதுமான அளவு இறங்குனா ஆபரேஷன் வேணாம்னே முடிவெடுக்கலாம். காய்ச்சல் மட்டும்தான் தொல்லைன்னா கம்மி டோஸ் பெனிசிலின் மாசக்கணக்குல எடுக்குற வழியும் இருக்கு, அதையும் கேளுங்க செல்வி அக்கா.

செங்காங்_செல்வி
சனி, இரவு 8.15

தனியார் கிளினிக்ல எங்க இருந்து எடுப்பீங்கன்னு கேட்டேன், டாக்டர் வந்து முடிவு பண்ணுவாருன்னு கவுண்டர்ல சொல்றாங்க, வேணாம்னு சொல்லிட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரில ஸ்கேன் தேதி வாங்கியாச்சு, கட்டு கட்ட தெரபிக்கும் புக் பண்ணிட்டேன், அண்ணனும் ஸ்கேன் வரைக்கும் சரிங்கிறான். அம்மாக்கு ஒரே கவலை, தைப்பூசத்துக்கு பெருமாள் கோவில்ல இருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரைக்கும் பால்குடம் எடுக்கணும், வேண்டுதல், செருப்பு போட மாட்டாங்க. என்ன பண்றது?

பிசியோ_கவி
சனி, இரவு 9.00

நடக்கலாம் அக்கா, நடந்தா கெண்டைக்கால் தசை பம்ப் பண்ணும், நல்லதுதான், வெறுங்கால்தான் பயம், ஒரு சின்ன கல்லு குத்துனாலும் அது வாசல். விரல் மூடுன ஸ்டாக்கிங்ஸ், அதுக்கு மேல தடி காட்டன் சாக்ஸ், ரோடு சுடுறதுக்கு முன்னாடி விடியற்காலைல கிளம்பச் சொல்லுங்க, முடிஞ்சதும் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெளிச்சத்துல பாருங்க. சாக்ஸுக்கு சாமி கோவிச்சுக்காது, ஆனா ஆபரேஷன் ஆகி கொஞ்ச நாள்தான் ஆயிருந்தா அந்த வருஷம் வேணாம்.

ஸ்கேன் அன்னிக்கு அயோடின் அலர்ஜி இருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லிருங்க. கட்டுத் துணி, ஸ்டாக்கிங்ஸ் ரெண்டையும் பையில போட்டுக்கிட்டுப் போங்க, ஸ்கேனுக்கு அவுத்துட்டு திரும்பக் கட்டாமலே டாக்ஸில ஏறி வீட்டுக்குப் போறவங்க நிறைய பேரு.